மாரிட்டின் பெயர் போட்ட வண்டி

டாரின் ஹாகனின் டீசல் பிக்கப் இதுவரை ஒரே ஒரு தடவைதான் எதையாவது இழுத்திருக்கிறது. அவன் அம்மாவின் புல்வெட்டும் மெஷினை, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. பாரத்தோடு மலையேறும் என்று விளம்பரம் சொன்ன வண்டி அது. அவன் ஊரான நோர்டாலில் மலை கிடையாது.

டாரின் இன்சூரன்ஸ் விற்பவன். வீட்டிலிருந்து ஆபீஸ் மூன்று தெரு, ஆபீஸிலிருந்து காபிக் கடை ஒரு தெரு. இவ்வளவு குறைவாக ஓடினால் டீசல் வண்டியின் புகைக்குழாய்க்குள் கரி அடைத்துக்கொள்ளும். அதை எரித்துத் தள்ள வண்டி நெடுஞ்சாலையில் சூடாக ஓட வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் மிசௌரி ஆற்றுப் பாலம்வரை போய்ச் சும்மா திரும்பி வருவான், நாயை வெளிக்குக் கூட்டிப் போகிறவனைப் போல. காபிக் கடை வாசலில் நிறுத்தினால் இன்ஜினை அணைக்க மாட்டான். அவன் உள்ளே இரண்டு கோப்பை குடித்து முடிக்கும்வரை அது வெளியே உறுமிக்கொண்டு நிற்கும். அவனுடையது மட்டுமல்ல. வாசலில் ஐந்தாறு உறுமும். உள்ளே ஐந்தாறு தொப்பிகள் உட்கார்ந்திருக்கும்.

இந்தத் தொப்பிகள்தான் நோர்டால் தொண்டர் தீயணைப்புப் படை. டாரின் அதன் தலைவன். சோரன் லுண்ட் அதில் பம்ப் இயக்குபவன், டாரினின் தங்கை மாரிட்டைக் கட்டியவன். மாரிட் பிப்ரவரியில் இறந்துபோனாள். சோரனுக்கு வயது முப்பத்தொன்று.

மலர்களுக்குப் பதிலாகத் தீயணைப்புப் படைக்கு நன்கொடை கொடுங்கள் என்று இரங்கல் செய்தியில் போட்டிருந்தார்கள். அதை எழுதியது டாரின். சோரன் படித்துக்கூடப் பார்க்காமல் தலையாட்டியிருந்தான். ஊர் தாராளமாகக் கொடுத்தது. இப்போது அக்டோபரில் அந்தப் பணத்தில் படைக்குப் புது பிக்கப் வாங்கப்போகிறார்கள். கதவில் மாரிட்டின் பெயரைப் போடப்போகிறார்கள். டீசலா, பெட்ரோலா என்பதுதான் பாக்கி. சோரனைத் தவிர மற்றவர்களுக்கு அதுவும் பாக்கியில்லை.

படையிடம் இருந்தது ஒரு பழைய பெட்ரோல் பிக்கப். புல் பற்றினாலும் அதுதான் போகும், சாலையில் கார் கவிழ்ந்தாலும் அதுதான். நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் கருவி அதில்தான் இருந்தது. மாரிட்டின் கார் பனியில் சறுக்கி ஓடைக்குள் தலைகீழாக விழுந்த காலை, படையின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டாரின் தன் டீசல் பிக்கப்பை அதற்கு எதிரே முட்ட நிறுத்தி, வயர் போட்டு, அதைக் கிளப்பினான். அதற்குள் கால் மணி நேரம் போயிருந்தது. விழுந்தவுடனே அவள் போய்விட்டாள், கால் மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஊர் தனக்கு வேண்டிய கதையை எடுத்துக்கொண்டது. பெட்ரோல் வண்டி மாரிட்டைக் கைவிட்டது, டீசல் வண்டி வந்து அதை எழுப்பியது. காபிக் கடையில் அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக்கொள்வார்கள்.

சோரனுக்குத் தெரிந்தது வேறு. விபத்து நடந்து இரண்டு நாள் கழித்து, அடக்கத்துக்குப் பிறகான சாப்பாட்டுக்காக, தீயணைப்பு ஹாலில் இருக்கும் பெரிய காபிப் பானையை எடுத்துவர அவனைத்தான் அனுப்பினார்கள். துக்க வீட்டுக்காரனுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஹாலில் வண்டியின் சார்ஜர் வயர் தரையில் கிடந்தது. அந்த வண்டியின் ரேடியோவும் விளக்குகளும் ஓயாமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும், அதனால் நிற்கும் நேரமெல்லாம் சுவரிலிருந்து சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். சுவரில் சார்ஜர் இருக்க வேண்டிய இடத்தில் பான்கேக் சுடும் மின்சாரக் கல்லின் வயர் மாட்டியிருந்தது. வயர்மேல் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. மாரிட் இறந்ததற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. படையின் வருடாந்தரப் பான்கேக் விருந்து. கல்லின் முன்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கும் உரிமை தலைவனுக்கு மட்டும் உண்டு.

சோரன் கல்லின் வயரைப் பிடுங்கினான். சார்ஜரை மாட்டினான். காபிப் பானையை எடுத்துக்கொண்டு போனான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். அவனுக்கு யாரும் ஆளாகத் தெரியவில்லை.

பக்கத்து நகரத்து வியாபாரி, பார்ப்பதற்காக இரண்டு பிக்கப்பை ஒரு வாரத்துக்கு அனுப்பினான். ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை நிறம், ஒன்று டீசல், ஒன்று பெட்ரோல். சனிக்கிழமை படை முழுவதும் வந்து டீசலைச் சுற்றி நின்றது. பானெட்டைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார்கள். ஒருவர் டயரை உதைத்தார். ஏன் உதைத்தார் என்று அவரைக் கேட்டாலும் தெரியாது.

"சத்தத்தைக் கேளுங்கடா," என்றார் ஆர்லன் ட்வெட். எழுபது தாண்டிய மாட்டுப் பண்ணைக்காரர், படையிலேயே மூத்தவர். "இதுதான்டா வண்டி. நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குது பாரு."

"நெஞ்சுல இடிச்சா டாக்டரைப் பாருங்க ஆர்லன்," என்றான் சோரன்.

"அதோ நிக்குதே உன் பெட்ரோல், அதை ஸ்டார்ட் பண்ணிருக்கோமா இல்லையான்னே தெரியல. என் வீட்டுக்காரி முட்டை வாங்கப் போக நல்லாருக்கும்."

"நெருப்புக்குக் காது கிடையாது. எந்தச் சத்தத்தோட போனாலும் அதுக்கு ஒண்ணுதான்."

"காலேஜ்ல மண்ணைப் பத்திதானே படிச்ச? மண்ணைப் பத்தி மட்டும் பேசு."

எல்லாரும் சிரித்தார்கள். சோரன் கூட்டுறவுக் கடையில் உரம் விற்கிறான். எந்த மண்ணுக்கு எவ்வளவு என்று அவன் சொல்வான். தலையாட்டிவிட்டு, அப்பா போட்ட அளவையே போடுவார்கள்.

"மண்ணு மேல புல்லு இருக்கில்ல?" என்றான். "காஞ்ச கோதுமைத் தாளுக்குள்ள வண்டியை நிறுத்தி நான் பம்ப் ஓட்டிட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து இது உள்ள இருக்கிற கரியை எரிக்க ஆரம்பிக்கும். அடியில குழாய் கொதிக்கும். தீயை அணைக்கப் போன வண்டி தீ வச்சிட்டு வரும்."

"அதைத் தள்ளிப்போட ஒரு சுவிட்ச் இருக்கு மாப்பிள," என்றான் டாரின்.

"அமுக்கப்போறது யாரு, நீயா? உன் வண்டியில மஞ்சள் விளக்கு எரிஞ்சா அதுமேல ஸ்டிக்கர் ஒட்டுற ஆளு நீ."

"அது ஒரு தடவைதான்."

"வருஷம் பூரா இந்த வண்டி என்ன பண்ணும்? ஜூலை ஊர்வலத்துல நடை வேகத்துல போய் மிட்டாய் வீசும். பள்ளிக்கூட டீம் ஜெயிச்சா சைரன் போட்டுக் கூட்டிட்டு வரும். நடுவுல எப்பவாவது ஒரு தீ. அதுக்குப் பெட்ரோல் போதும், மிச்சத்துல நல்ல ஹோஸ் வாங்கலாம்."

"ஹோஸா?" ஆர்லன் முகத்தைச் சுளித்தார். "ஹோஸைப் பார்க்க ஊர்வலத்துக்கு எவன் வருவான்?"

அவர்கள் மறுபடி பிளாஸ்டிக் மூடியைப் பார்க்கப் போனார்கள்.

வியாழக்கிழமை டாரின் ஒரு காகிதச் சுருளோடு கூட்டுறவுக் கடைக்கு வந்தான். கவுண்டரில் அதை விரித்து, ஓரங்களில் களைக்கொல்லி டப்பாக்களை வைத்தான். தங்க நிறத்தில் பெரிய எழுத்து. மாரிட் லுண்ட் நினைவாக. கீழே பறக்கும் ஒரு பறவை. என்ன பறவை என்று சொல்ல முடியவில்லை.

"ரெண்டு கதவுலயும் வருது," என்றான் டாரின். "அம்மாகிட்ட காட்டிட்டேன். ஒரே அழுகை."

"எந்த வண்டியோட கதவு?"

"டீசல்தான், வேற எது? பெட்ரோல் வண்டியில அவ பேரை எழுதுவியா? அவளைக் கொன்னதே அதுதானே."

சோரன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். "நீ அப்படித்தான் நினைக்கிறியா மச்சான்?"

"ஊரே நினைக்குது."

"ஊரைக் கேக்கல."

டாரின் ஒரு டப்பாவை எடுத்து அதன் பின்பக்க எச்சரிக்கையைப் படித்தான். அவன் எதையும் படிக்கிற ஆள் இல்லை. "திங்கக்கிழமை மீட்டிங்ல நீ எந்திரிச்சு ரெண்டு வார்த்தை சொல்லிடு," என்றான். "நீ சொல்லிட்டா ஒருத்தனும் மறுபேச்சு பேச மாட்டான். ஒரே மனசா வாங்கிடலாம்."

டாரினுக்குத் தேவைப்பட்டது வண்டியல்ல, ஒரு சான்று. மாரிட்டைக் கொன்றது பெட்ரோல் என்று மாரிட்டின் புருஷனே எழுந்து சொல்ல வேண்டும். பிறகு அதைத் தங்க எழுத்தில் கதவில் ஒட்டி, வருடாவருடம் ஊர்வலத்தில் ஓட்டிக்கொண்டு போகலாம். அந்த டீசலுக்கோ பேட்டரியே இரண்டு. குளிரில் அதைக் கிளப்ப இரண்டும் நிறைந்திருக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிப் பான்கேக் சுடுகிற ஊருக்கு, சார்ஜர் இன்னும் அதிகமாகத் தேவைப்படும் வண்டி. அடுத்து ஓடைக்குள் விழப்போகிறவர் யாரென்று தெரியாது. யாரானாலும் அவருடைய உயிர், மாரிட்டின் பெயர் போட்ட அந்த வண்டி கிளம்புமா என்பதில் இருக்கும்.

"சுருட்டி எடுத்துட்டுப் போ," என்றான் சோரன். "டப்பாவை வச்சிட்டுப் போ."

நோர்டால் படை ஓட்டெடுப்பில் கை தூக்குவதில்லை. பண்ணை மெஷினில் போனதில் பாதிப் பேருக்கு விரல் குறைவு, எண்ணினால் கணக்குத் தப்பும் என்பது அங்கே பழைய கேலி. எழுந்துபோய் நிற்பார்கள். ஒரு சாரார் காபி மேஜைப் பக்கம், மறு சாரார் கோட் மாட்டும் சுவர்ப் பக்கம். திங்கட்கிழமை சாயங்காலம் அப்படித்தான் முடிவானது: டீசல் என்றால் காபி மேஜை, பெட்ரோல் என்றால் கோட் சுவர். மேஜையில் காபியோடு பிரௌனியும் இருந்தது. டாரின் அதையும் யோசித்திருப்பான்.

டாரின் பேசினான். இன்சூரன்ஸ் விற்கும் குரல்.

"நம்ம எல்லாருக்கும் அந்தக் காலை ஞாபகம் இருக்கு. அந்தப் பெட்ரோல் வண்டி நம்மளை ஏமாத்திடுச்சு. என் தங்கச்சியை ஏமாத்திடுச்சு. இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் உதவிக்குக் காத்துக்கிட்டுக் கிடக்கக் கூடாது. அவ பேர் போட்ட வண்டி கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பணும். நான் வேற என்ன சொல்ல. சோரன் ரெண்டு வார்த்தை சொல்லுவான்."

ஆர்லன் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். நெற்றிக்கு மேலே, வெயில் படாத அத்தனை தலையும் வெளுத்துப்போயிருந்தது. சோரன் எழுந்தான். அந்த முகங்களைப் பார்த்தான். எல்லாம் ஒரேமாதிரி தயாராக இருந்தன, அழவோ கைதட்டவோ, எது கேட்டாலும்.

"எதை வேணும்னாலும் வாங்குங்க," என்றான். "டீசலும் கிளம்பும், பெட்ரோலும் கிளம்பும். சார்ஜரைப் பிடுங்கிட்டு வேற எதையாவது மாட்டினா ரெண்டும் கிளம்பாது."

ஒருவருக்கும் புரியவில்லை. "எந்தச் சார்ஜர்?" என்று யாரோ கேட்டார். "போனுக்கா?" என்றார் இன்னொருவர்.

டாரினுக்குப் புரிந்தது. இன்சூரன்ஸ் முகம் ஒரு நொடியில் இறங்கியது. அதற்குக் கீழே வேறு முகம் எதுவும் இல்லாததுபோல் இருந்தது. அவன் சோரனைப் பார்த்தான். சோரன் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த வாக்கியம் அவன் வாயில் தயாராக இருந்தது. பான்கேக் என்று சொன்னால் போதும்.

"சொல்லி முடிச்சிட்டியா மாப்பிள?" என்றான் டாரின்.

"அது உன் கையில இருக்கு."

ஹால் காத்திருந்தது. டாரின் காபி மேஜையைத் தாண்டி நடந்தான். நடந்துபோய்க் கோட் சுவரை ஒட்டி, தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே முதுகைச் சாய்த்து நின்றான்.

"டேய், அது பெட்ரோல் பக்கம்டா," என்றார் ஆர்லன்.

"தெரியும்."

"தெரிஞ்சா அங்க என்ன பண்ற?"

ஒருவன் மெல்ல எழுந்து டாரினின் பக்கத்தில் போய் நின்றான். பிறகு இருவர். பிறகு நாற்காலிகள் சேர்ந்து கிரீச்சிட்டன. ஒரு வாரமாக டீசலின் சத்தத்தை நெஞ்சில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், தலைவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு அங்கே போய் நின்றார்கள். ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை. ஆர்லன் ஒரு பிரௌனியை எடுத்துக்கொண்டு கடைசியாகப் போனார்.

"பெட்ரோல்னாலும் நல்ல வண்டிதான்," என்றார் வாய் நிறைய. "நான் அப்பவே சொன்னேன்."

சோரன் எந்தப் பக்கமும் போகவில்லை. ஓட்டு முடிந்துவிட்டது. ஒன்றும் தோன்றவில்லை அவனுக்கு. இவர்களை வென்றால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்ததுண்டு. இவர்களை வெல்வதில் என்ன இருக்கிறது. கோட் சுவர் பக்கம் ஒரு மாட்டை ஓட்டியிருந்தால் மந்தை அதற்குப் பின்னாலும் போயிருக்கும்.

எல்லாரும் கிளம்பிய பிறகு டாரின் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான். சோரன் காபிப் பானையைக் கழுவினான்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றான் டாரின்.

"இந்தப் பானையை எடுக்க வந்தன்னைக்கு."

"மறந்துட்டேன்டா. சாசேஜ் கருகுது, ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, கல்லு சூடாகல. அந்தப் பிளக்தான் கைக்கு எட்டுச்சு. கழுவி வச்சிட்டு மாத்திடலாம்னு நெனச்சேன்." அவன் ஒரு நாற்காலியை மடக்கினான், திரும்ப விரித்தான். "காலையில வண்டி செத்துக் கிடந்தப்பவே புரிஞ்சிடுச்சு."

"ம்."

"கதவுல பேர் போடலாம்ல? பெட்ரோல்தானே இப்ப."

"அம்மாகிட்ட சொல்லிட்டு வா. அப்புறம் பேரைப் பத்திப் பேசலாம்."

"அம்மாகிட்டயா? என்னன்னு சொல்ல?"

"பொய் சொல்றப்ப என்னைக் கேட்டியா?" என்றான் சோரன். பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை கூட்டுறவுக் கடையில் ஆர்லன் உப்புக்கட்டி வாங்க வந்திருந்தார். மாடுகள் நக்குவதற்கு. அவர் மஞ்சளா, வெள்ளையா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது சோரனின் போன் அடித்தது. மாரிட்டின் அம்மா இங்கா.

"டாரின் நேத்து வந்தான்," என்றாள். "சொல்லிட்டான்."

"சரி அத்தை."

"என்ன சரி?" அவள் குரல் கலங்கியிருக்கவில்லை. "அவன் மறைச்சது எனக்குப் புரியுது. சின்ன வயசுலயே ஜன்னலை உடைச்சிட்டுக் காத்து மேல பழி போடுவான். நீ எதுக்கு மறைச்ச?"

"சொன்னா என்ன மாறப்போகுதுன்னு."

"அதுக்கப்புறம் எட்டு மாசம் அந்த வண்டிதானே இந்த ஊருக்கு இருந்தது? சார்ஜர் மாட்டியிருக்கான்னு யாரு பார்த்தது?"

"நான்தான். தினமும் சாயங்காலம்."

"நீ மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

"நீ ஊர்ல இல்லாதப்ப? நீ காய்ச்சல்ல கிடந்தியே, அந்த வாரம்?"

ஏப்ரலில் ஒரு வாரம் அவன் படுக்கையிலிருந்து எழவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தான். அந்த வாரம் சார்ஜரை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அவன்தான் சொல்லவில்லையே.

"அப்ப யாராவது ஓடையில விழுந்திருந்தா?" என்றாள் இங்கா. "அவன் பயத்துல மறைச்சான். நீ, இவனுங்ககிட்டப் போய் என்னத்தைச் சொல்றதுன்னு இருந்துட்ட. உனக்கு நாங்க எல்லாருமே மாடுதானே?"

நேற்று சோரனின் மனதில் ஓடிய சொல் அதுதான்.

"வண்டியை வாங்கிக்கங்க. நல்லா வச்சுக்கங்க. அவ பேரு எந்தக் கதவுலயும் வேண்டாம். ரெண்டு பேரும் அதைத் தொடாதீங்க." அவள் போனை வைத்துவிட்டாள்.

சோரன் போனைக் கவுண்டரில் வைத்தான். ஆர்லன் மஞ்சள் உப்பைத் தூக்கி வந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"யாரு, இங்காவா? எப்படி இருக்காங்க?"

"ஆர்லன், சாயங்காலம் ஹாலுக்கு வாங்க."

"நேத்துதானே மீட்டிங் முடிஞ்சது?"

"சார்ஜர் எங்க மாட்டணும்னு காட்டணும். உங்களுக்கும், மத்தவங்களுக்கும்."

"எனக்கெதுக்கு அதெல்லாம்? கண்ணும் தெரியல, குனியவும் முடியல. சின்னப் பசங்க யாருக்காவது காட்டு." அவர் சோரனை உற்றுப் பார்த்தார். "என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"அன்னைக்குக் காலையில வண்டி ஏன் கிளம்பலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன. பெட்ரோல் வண்டி, குளிர்ல..."

"இல்ல," என்றான் சோரன். கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஸ்டூலை எடுத்து அவர் பக்கம் போட்டான். "உட்காருங்க. முதல்ல இருந்து சொல்றேன்."